வர்க்கமும் செந்நெறியும்: ஓர் ஆங்கிலச் சொற்குடும்பம் பற்றிய திறனாய்வு நோக்கு

1

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் ‘கிளாஸ்’ என்பதும் ஒன்று. பள்ளிப்பிள்ளை சென்றமரும் வகுப்பு, புகையிரதப் பெட்டியின் தரம், பட்டதாரி பெறும் சித்தியின் நிலை, உயிரியலாளர் வகுக்கும் பிரிவு, உற்பத்தி உறவுகளில் மக்கட்கூட்டம் வகிக்கும் இடம் ஆகிய யாவும் அவ்வொரு சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. அச்சொல்லோடு எழுத்திலும் ஒலியிலும் ஒத்த வேறு சில சொற்களும் உள. ‘கிளாசிக்’, ‘கிளாசிக்கல்’, ‘கிளாசிசிசம்’ என்பன இலக்கியத் திறனாய்விற் பெருவழக்குடையன. ‘கிளாசிஃபை’ என்பது வகைப்படுத்தலைக் குறிக்கும். ‘கிளாசி’ என்பது பகட்டான நேர்த்தியைச் சுட்டும் பேச்சுவழக்கு. தமிழெழுத்திற் பெயர்த்தெழுதும்போது நீரருந்தும் குவளையும் ‘கிளாஸ்’ என்றே வடிவு பெறுகின்றது. ஆயின் அது நம் எழுத்துமுறையால் நேர்ந்த ஒற்றுமையேயன்றி உறவன்று. மோதலைக் குறிக்கும் ‘கிளாஷ்’ என்னுஞ் சொல்லும் வேறு பிறப்புடையது. வர்க்க மோதலைப் பேசுவோருக்கு அவ்விரண்டும் ஒருங்கே நாவில் வருவது தற்செயலே.

ஒற்றுமையை உறவென மயங்குதல் ஒரு தவறு; உண்மையான உறவைக் காணாது விடுதல் பிறிதொரு தவறு. மக்களைத் தரம் பிரிக்கும் ‘கிளாஸ்’ என்ற சொல்லும், நூல்களைத் தரம் உயர்த்தும் ‘கிளாசிக்’ என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் இவ்வுறவு கண்முன்னே இருந்தும் பெரும்பாலோர் கவனத்திற்கு வருவதில்லை. தமிழிலோ முன்னதை ‘வர்க்கம்’ என்றும் பின்னதைச் ‘செந்நெறி’, ‘செவ்வியல்’ என்றும் பெயர்த்தமையால் அவ்வுறவு முற்றாகவே மறைந்துவிட்டது. ஒருசாரார் வர்க்கத்தைப் பேசுகின்றனர். ஒருசாரார் செந்நெறியைப் பேசுகின்றனர். ஒருவர் பேசுவது மற்றவர்க்குத் தொடர்பற்றதாகத் தோன்றுகின்றது. இம்மறைவினாற் திறனாய்வுக்கு நேர்ந்த இழப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

‘கிளாசிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இக்குடும்பத்தின் மூதாய். அழைத்தல் என்ற பொருளுடைய வேரோடு அதனைத் தொடர்புபடுத்துவது பழைய கருத்து. போருக்கென அழைக்கப்பட்ட கூட்டம், கப்பற்படை, சொத்தளவின்படி வகுக்கப்பட்ட குடிமக்கட் பிரிவு என அது பல பொருள்களில் வழங்கிற்று. உரோம மரபு, குடிமக்களை இவ்வாறு பிரித்த ஏற்பாட்டைச் சேர்வியுஸ் துல்லியுஸ் என்னும் மன்னனுக்கு உரித்தாக்கும். வரலாற்றாசிரியரான லிவி தரும் விவரத்தின்படி 100,000 ‘ஆஸ்’ நாணய மதிப்புடைய சொத்துள்ளோர் முதற் பிரிவினர். ஐந்தாம் பிரிவின் எல்லை 11,000. வாக்களிக்கும் அலகுகள் மொத்தம் 193. இவற்றுள் குதிரைவீரர்க்குரியவை 18. முதற் பிரிவினர்க்குரியவை 80. இவ்விரு சாராரும் உடன்பட்டால் 98 அலகுகள் சேர்ந்துவிடும், பெரும்பான்மை முடிந்துவிடும், ஏனையோரை அழைக்கவேண்டிய தேவையே எழாது. ஐந்து பிரிவுகளுக்கும் கீழ்ப்பட்ட வறியோர் அனைவரும் ஒரேயோர் அலகினுள் அடக்கப்பட்டனர். நாட்டுக்குத் தம் பிள்ளைகளையன்றி வேறெதனையும் அளிக்க இயலாதவர் என்ற பொருளில் அவர்கள் ‘புரொலெற்றாரி’ எனப்பட்டனர். பின்னாளில் உலகெங்கும் பாட்டாளி வர்க்கத்தைக் குறிக்க வந்த சொல்லின் தோற்றுவாய் இதுவே.

‘கிளாசிக்குஸ்’ என்ற பெயரடை ஐந்து பிரிவினர்க்கும் பொதுவானதன்று. முதற் பிரிவினர் மட்டுமே அப்பெயர்க்கு உரியர் என்றும், ஏனையோர் பிரிவுக்குக் கீழ்ப்பட்டோர் எனப்பட்டனர் என்றும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான ஒலுஸ் கெல்லியுஸ் தமது ‘அற்றிக் இரவுகள்’ என்னும் நூலிற் குறித்துள்ளார். வரிப்பதிவேட்டுக்குரிய இச்சொல் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்ததும் அதே நூலின் வேறோரிடத்திலேயே. அங்கு எழும் விவாதம் மிகச் சிறியது. மணல் என்று பொருள்படும் சொல்லைப் பன்மையில் வழங்கலாமா, நாற்குதிரைத் தேரைக் குறிக்கும் சொல்லை ஒருமையில் வழங்கலாமா என்பதே வினா. பேரரசன் மார்க்குஸ் ஒளரேலியுசுக்கு ஆசிரியராயிருந்த புரொன்றோ அதற்கு விடை கூறுகையில், பழைய சொல்வலார், புலவர் ஆகியோருள் ‘கிளாசிக்’ ஆன, நிலவுரிமையுள்ள எழுத்தாளன் எவனாவது அவ்வாறு வழங்கியுள்ளானா எனத் தேடுமாறு பணிக்கிறார். ‘புரொலெற்றாரி’ எழுத்தாளன் சான்றாகான் என்றும் சேர்த்துக் கூறுகிறார்.

இவ்விடத்து நாம் மனங்கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, ‘கிளாசிக்’ எழுத்தாளனும் ‘புரொலெற்றாரி’ எழுத்தாளனும் ஒரே வாக்கியத்தில், எதிரெதிராகப் பிறந்தவர்கள். ஐரோப்பிய இலக்கியக் கொள்கையின் தலையாய சொற்களுள் ஒன்று தோன்றும்போதே தன் வர்க்க எதிரியை உடன்கொண்டு தோன்றியுள்ளது. ‘ஐரோப்பிய இலக்கியமும் இலத்தீன் மத்திய காலமும்’ என்னும் பெருநூலை 1948இல் வெளியிட்ட கூர்ற்றியுஸ் இதனைச் சுட்டி, மார்க்சிய இலக்கியச் சமூகவியலார்க்கு இது சுவையான தீனி எனக் கேலியாகக் கூறிச் சென்றார். கேலி எதுவாயினும் செய்தி செய்தியே. இரண்டாவது, விவாதம் கவிச்சுவை பற்றியதன்று, மொழித்தூய்மை பற்றியது. ‘எது சரியான வழக்கு?’ என்ற வினாவிற்கு, ‘எவன் வரி செலுத்தும் தகுதியுடையவன்?’ என்பது உவமையாக நின்று விடையாயிற்று. உவமை என்பதை மறத்தலாகாது. புரொன்றோ எழுத்தாளரின் சொத்துக் கணக்கைக் கேட்டாரல்லர். ஆயின், மதிப்பைச் சொல்லவேண்டிய நேரத்தில் உடைமையின் மொழியே இயல்பாக வந்து உதவுகின்றது என்பது தற்செயலன்று.

3

ஆங்கிலத்துக்கு இச்சொல் வந்தடைந்த பின் நிகழ்ந்த மாற்றங்கள் பலரால் ஆராயப்பட்டுள்ளன. அசா பிறிக்ஸ் 1960இல் எழுதிய கட்டுரையும், றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ என்னும் சொல்லாய்வு நூலும் இத்துறையில் முதன்மையானவை. நிலவுடைமைச் சமுதாயத்தில் மக்களின் படிநிலைகளைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கியவை வேறு சொற்கள்; அவை பிறப்பால் வந்த நிலையையும் ஒழுங்கையும் உணர்த்தின. ‘கிளாஸ்’ பெரும்பாலும் கல்விக்கூடத்துக்கும் பொதுவான பகுப்புக்கும் உரியதாயிருந்தது. 1735இல் லின்னேயுஸ் தம் ‘இயற்கையின் ஒழுங்குமுறை’ நூலில் உயிரினங்களைப் பிரிக்க இலத்தீன் மூலச்சொல்லையே கையாண்டார். ஏறத்தாழ 1770 முதல் 1840 வரையான காலப்பகுதியிலேயே இச்சொல் இன்றைய சமுதாயப் பொருளைப் பெற்றது என்பது வில்லியம்சின் முடிபு. அக்காலப்பகுதியே கைத்தொழிற் புரட்சியின் காலம் என்பதைக் கூறவேண்டியதில்லை. பிறப்பால் வந்த ஒழுங்கு தளர்ந்து, உற்பத்தியில் வகிக்கும் இடத்தால் மனிதர் பிரிந்தபோது, பிறப்பின் மணமற்ற ஒரு புதுச்சொல் தேவைப்பட்டது. றொபேட் ஓவன் 1818இல் ‘உழைக்கும் வகுப்பினர்’ சார்பாக விண்ணப்பங்கள் வெளியிட்டார். 1831இல் இலண்டனில் உழைக்கும் வகுப்பினரின் தேசிய ஒன்றியம் தோன்றியது. பிறரால் வகுக்கப்பட்டோர் அவ்வகுப்பின் பெயரையே தம் கொடியாக ஏந்திய தருணம் அது.

அடுத்த ஆண்டில், 1832இல், நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண் பெறுமதியுள்ள கட்டடத்தை உடைய அல்லது வாடகைக்குக் கொண்ட ஆடவர்க்கு வாக்குரிமை அளித்தது. மத்தியதர வகுப்பினருட் பலர் உள்ளே வந்தனர். தொழிலாளருட் பெரும்பாலோர் வெளியே நின்றனர். சேர்வியுசின் ஏற்பாட்டிலிருந்து இது தொலைவிலில்லை.

ஒரு சொல் சமுதாயத்தில் ஊன்றியமைக்குச் சட்டத்தைக் காட்டிலும் அன்றாடப் பொருள்களே சிறந்த சான்று. 1844ஆம் ஆண்டுப் புகையிரதச் சட்டம், ஒவ்வொரு பாதையிலும் நாளொன்றுக்கு ஒரு வண்டியாவது மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், மழை வெயில் படாத பெட்டிகளில் மூன்றாம் வகுப்பினரை ஏற்றிச் செல்லவேண்டும் என விதித்தது. அதற்குமுன் ஏழைகள் கூரையற்ற பெட்டிகளிற் சென்றனர் என்பது அவ்விதியிலிருந்தே புலனாகும். 1875இல் மிட்லண்ட் கம்பனி இரண்டாம் வகுப்பை ஒழித்தது. ஏனைய கம்பனிகளும் காலப்போக்கிற் பின்பற்றவே, முதலாம் வகுப்பும் மூன்றாம் வகுப்புமே எஞ்சின. இரண்டு இல்லாமலே மூன்று என எண்ணும் இவ்வினோதம் 1956 வரை நீடித்தது. அவ்வாண்டில் மூன்றாம் வகுப்பு ‘இரண்டாம் வகுப்பு’ எனப் பெயர் பெற்றது. 1987இல் அதுவும் நீங்கி ‘நியம வகுப்பு’ என்ற பெயர் வந்தது. தாழ்வைச் சுட்டும் எண் மறைந்தது. முதலாம் வகுப்பு மட்டும் தன் பெயரைக் காத்துக்கொண்டது. உயர்ந்தோர் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை எழுவதில்லை.

மொழிவழக்கை வர்க்கத்தோடு பிணைக்கும் புரொன்றோவின் மனப்பாங்கு இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் உயிரோடிருந்தது. மொழியியலாளரான அலன் றொஸ் 1954இல் பின்லாந்து ஆய்விதழொன்றில், ஆங்கிலத்தில் வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் பற்றி எழுதினார். செல்வத்தாலும் கல்வியாலும் பிரித்தறிய இயலாத மேல்வகுப்பினரை அவர்தம் சொற்களால் மட்டுமே பிரித்தறியலாம் என்பது அவர் கருத்து. உணவுமேசைத் துணியை ‘நப்கின்’ என்பவர் மேலோர். ‘சேர்வியற்’ என்பவர் அல்லர். நான்சி மிற்போர்டு இதனை 1955இல் பொதுவாசகரிடம் கொண்டு சென்றபோது எழுந்த பரபரப்பு, நகைப்பினூடே வெளிப்பட்ட அச்சமும் ஆகும். தம் வாயிலிருந்து எச்சொல் தம்மைக் காட்டிக்கொடுக்குமோ என்ற அச்சம்.

4

இனிக் ‘கிளாசிக்’ என்ற சொல்லின் இலக்கிய வாழ்வை நோக்குவோம். ‘கிளாசிக் என்பது யாது?’ என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு வெவ்வேறு காலங்களில் மூவர் தந்த விடைகள் நம் கவனத்துக்குரியன.

பிரெஞ்சுத் திறனாய்வாளரான சாந்த் பேவ் 1850 ஒக்ரோபரில் தம் கட்டுரையை வெளியிட்டார். கெல்லியுசின் செய்தியை அவர் அறிவார். அதனைத் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கிறார். நிலபுலம் உள்ள, கணக்கிற் கொள்ளத்தக்க எழுத்தாளன் அவன். பாமரக் கூட்டத்தோடு கலந்துபோகாதவன் என அவர் விளக்குகிறார். பின்னர், மனித உள்ளத்தை வளப்படுத்தியவன் எவனும் செந்நெறியாளனே எனக் கதவை அகலத் திறந்து, கீழைத்தேயக் கவிஞர்க்கும் இடமளிக்கிறார். விரிந்த உள்ளமே, ஐயமில்லை. ஆயின் அவர் எழுதியது, பாரிசு நகரத் தொழிலாளர் 1848 யூனில் எழுச்சி செய்து குண்டுகளால் அடக்கப்பட்டு இரண்டாண்டுகளே கழிந்த வேளை. ‘புரொலெற்றேர்’ என்ற சொல் தெருவில் இரத்தத்தோடு கிடந்த காலத்தில், அதே சொல்லைப் பழங்கால அணியாக மட்டும் கையாண்டு கடந்து செல்ல அவரால் முடிந்தது. செந்நெறி பற்றிய பேச்சு எப்பொழுதும் அமைதியின் பேச்சாகவே தோன்றுவது எவ்வாறு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ரி. எஸ். எலியற் 1944இல் இலண்டன் வேர்ஜில் சங்கத்தில் ஆற்றிய உரை இரண்டாவது. முதிர்ச்சியே அவருக்கு அளவுகோல்: உள்ளத்தின் முதிர்ச்சி, ஒழுகலாற்றின் முதிர்ச்சி, மொழியின் முதிர்ச்சி. இவை யாவும் கூடியவன் வேர்ஜில் ஒருவனே. ஐரோப்பா முழுமைக்கும் அவனே செந்நெறிக் கவிஞன். ஆங்கிலத்தில் அப்பொருளில் ஒருவருமிலர் என்பது அவர் முடிபு. ஒழுகலாற்றின் முதிர்ச்சி எச்சமுதாயப் பிரிவினரின் ஒழுகலாற்றைக் குறிக்கின்றது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. ஒரு பேரரசின் கவிஞனை நடுநாயகமாக வைத்த அக்கொள்கை, பேரரசுக் கருத்தியலோடு எத்துணை நெருங்கியது என்பதை 1975இல் பிராங் கேர்மோட் ‘தி கிளாசிக்’ என்ற நூலில் விரித்துக் காட்டினார்.

மூன்றாமவர் தென்னாபிரிக்காவிற் பிறந்த நாவலாசிரியர் ஜே. எம். கூட்ஸி. எலியற்றின் தலைப்பையே எடுத்துக்கொண்டு 1991இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவர் உரையாற்றினார். 1955இல், பதினைந்து வயதில், கேப்ரவுனின் புறநகரில் அயல்வீட்டிலிருந்து எழுந்த பாக்கின் இசையைக் கேட்டு உறைந்து நின்றதை எடுத்துரைத்து, அவர் தம்மையே விசாரணைக்கு உட்படுத்துகிறார். தம்மை ஈர்த்தது இசைதானா? அன்றி, தம் வர்க்க நிலையினின்றும், ஒடுங்கிக் கிடந்த அக்குடியேற்றச் சமுதாயத்தினின்றும் வெளியேறுவதற்கு ஐரோப்பிய உயர்பண்பாட்டை ஒரு வழியாகத் தாம் தெரிந்துகொண்டாரா? அவர் வந்தடையும் முடிபு நமக்கு முக்கியமானது. தலைமுறை தலைமுறையாகச் சோதனைக்கு உட்பட்டும் கைவிடப்படாது எஞ்சுவதே செந்நெறி. ஆகையால் அதனை ஐயத்தோடு விசாரிக்கும் திறனாய்வு அதற்குப் பகையன்று. அது எஞ்சுவதற்கு உதவும் கருவியே. சாந்த் பேவ் கடந்து சென்றதையும் எலியற் கேளாது விட்டதையும் கூட்ஸி கேட்டார். குடியேற்ற நாட்டிற் பிறந்தவர் ஒருவரே அதனைக் கேட்க நேர்ந்தமை வியப்பன்று.

5

‘கிளாஸ்’, ‘கிளாசிக்’ என்ற இரு சொற்களும் ஒரு மனிதனின் வாழ்வில் எவ்வாறு மோதின என்பதைக் கொள்கை நூல்களைவிடத் தெளிவாகக் காட்டும் புனைகதை ஒன்றுண்டு. தொமஸ் ஹார்டி 1895இல் வெளியிட்ட ‘ஜூட் தி ஒப்ஸ்கியூர்’ நாவலே அது. அநாதையான ஜூட், பேத்தியார்முறைக் கிழவியின் வெதுப்பகத்து வண்டியை ஓட்டிச் செல்கையில் மடியில் நூலை விரித்து இலத்தீன் கற்கிறான். தன் மொழியின் சொற்களைப் பிறமொழிச் சொற்களாக மாற்றும் இரகசிய விதி ஒன்று இலக்கண நூலில் இருக்கும் என அவன் சிறுவயதில் நம்பியிருந்தான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே உழைத்துக் கற்கவேண்டும் என அறிந்தபோது அவன் கொண்ட ஏமாற்றம், உழைப்பாளியின் பிள்ளை கல்வியின் வாயிலில் அடையும் முதல் அடி. பின்னர் அவன் கற்சிற்பியாகிக் கிறைஸ்ற்மின்ஸ்ரர் நகரை அடைகிறான். ஒக்ஸ்போர்டே இப்பெயரில் மறைந்து நிற்கின்றது. கல்லூரிகளின் சிதைந்த சுவர்களைச் செப்பனிடும் தொழில் அவனுக்குக் கிடைக்கிறது. சுவருக்கு அப்பால் உள்ள கல்வி கிடைக்கவில்லை. கல்லூரித் தலைவர் ஒருவருக்கு அவன் எழுதிய மடலுக்கு வந்த மறுமொழி சில வரிகளே கொண்டது: தொழிலாளியாகிய நீர் உம் தொழிலிலேயே நிலைத்தல் நலம் என்பது அதன் சாரம்.

செந்நெறி நூல்களின் மேல் இத்துணைக் காதல் கொண்டவன் அந்நாவலில் வேறெவனுமில்லை. ஆயினும் அந்நூல்களுக்கு உரிமை கோரும் தகுதி அவனுக்கில்லை. ஏனெனில் அவன் முதற் பிரிவைச் சேர்ந்தவனல்லன். புரொன்றோவின் உவமை இங்கு உவமையாக நில்லாது நடைமுறையாகிவிட்டது. கிரேக்க அறிவு ஒக்ஸ்போர்டிற் புகுவதற்குக் கட்டாயம் என்ற விதி 1920 வரை நீடித்தது; இலத்தீன் 1960 வரை. தொழிலாளர் கற்பதற்கென 1899இல் ஒக்ஸ்போர்டில் றஸ்கின் கல்லூரி நிறுவப்பட்டபின், அதற்கு ஜூட்டின் பெயரையே இட்டிருக்கவேண்டும் எனச் சிலர் கூறியதை ஹார்டியே 1912ஆம் ஆண்டுப் பின்குறிப்பிற் பதிவு செய்துள்ளார்.

இங்கு ஒரு முடிவுக்கு அவசரப்படுதல் ஆகாது. செந்நெறி என்பது ஆளும் வர்க்கத்தின் வேலியே எனில், ஜூட்டின் காதல் வெறும் மயக்கம் எனக் கொள்ளவேண்டி வரும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1906இல் தொடங்கிய ‘எவ்ரிமான்’ நூல்வரிசை ஒரு சிலிங் விலையிலும், 1946இல் ஒடிசியின் உரைநடைப் பெயர்ப்போடு தொடங்கிய ‘பெங்குவின் கிளாசிக்ஸ்’ மலிவுப் பதிப்பாகவும் எண்ணற்ற வாசகரைச் சென்றடைந்தன. பிரித்தானியத் தொழிலாளரின் தன்வரலாறுகளை ஆராய்ந்து ஜோனதன் றோஸ் 2001இல் வெளியிட்ட பெருநூல், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர் ஷேக்ஸ்பியரையும் மில்ற்றனையும் அடங்கிப்போவதற்காகவன்றிக் கேள்வி கேட்பதற்காகவே படித்தனர் என்பதைக் காட்டும். மார்க்சும் இதனை உணர்ந்திருந்தார். கிரேக்கக் கலை குறிப்பிட்ட சமுதாய வடிவங்களோடு பிணைந்தது என விளங்கிக்கொள்வது கடினமன்று. அது இன்றும் நமக்கு இன்பம் தருவது ஏன் என்பதே கடினமான வினா என அவர் 1857இல் எழுதினார். அவ்வினாவைத் தள்ளிவிட்டு முதற்பகுதியை மட்டும் ஓதுவோர் அவரது மாணாக்கர் ஆகார்.

6

இவ்வாராய்ச்சி தமிழியல் மாணவர்க்கு எவ்வாற்றான் உரியது? மூன்று வகையில் உரியது என்போம்.

முதலாவது, பெயர்ப்புச் சொற்களின் பிரச்சினை. ‘வகு’ என்னும் வேரிலிருந்து வந்த ‘வகுப்பு’ கல்விக்கூடத்துக்குப் பொருந்திற்று. ஆயின் தமிழகத்திலும் இலங்கையிலும் அச்சொல் சாதியையும் சமயக் கூட்டத்தையும் குறித்து வழங்கியமையால் ‘வகுப்புவாதம்’ என்பது வர்க்கச் சார்பையன்றி இனமதச் சார்பைச் சுட்டலாயிற்று. 1951இல் இந்திய அரசியலமைப்பில் முதலாவது திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட 15(4)ஆம் பிரிவு, சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய ‘கிளாஸ்’ பற்றிப் பேசும். நடைமுறையில் அப்பட்டியல்கள் பெரும்பாலும் சாதிகளின் பட்டியல்களே. உற்பத்தி உறவைக் குறிக்க வேறு சொல் தேவைப்பட்டபோது, எழுத்தினங்களைக் குறித்து இலக்கணத்தில் வழங்கிய வடசொல்லாகிய ‘வர்க்கம்’ துணைக்கு வந்தது எனக் கருத இடமுண்டு. இச்சொற்பிரிவு தெளிவைத் தந்தது. அதேவேளை, நம் சமுதாயத்தில் வர்க்கமும் சாதியும் ஒன்றனுள் ஒன்று ஊடுருவி நிற்கும் உண்மையைச் சொல்லளவில் மறைக்கவும் செய்தது.

இரண்டாவது, வழக்கு பற்றிய பிரச்சினை. தொல்காப்பிய மரபியல் வழக்கினை உயர்ந்தோர்க்கு உரித்தாக்குகின்றது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில், டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்தம் பேச்சுமொழியில் எழுதியபோது, மரபாளர் சிலர் அதனை ‘இழிசனர் இலக்கியம்’ என்றனர். புரொன்றோவின் ‘புரொலெற்றாரி எழுத்தாளன்’ நம்மிடையே இவ்வாறு தோன்றினான். வேறுபாடும் உண்டு. உரோமனுடைய பிரிவு சொத்தளவாலானது. சொத்துப் பெருகின் பிரிவும் மாறும். இங்குக் கூறப்பட்ட இழிவு பிறப்பாலானது. மாறுவதற்கு வழி வைக்காதது. ஆகவே இங்கு எழுதியவர் எதிர்த்து நின்ற தடை ஜூட்டின் தடையினும் கடியது.

மூன்றாவது, ‘செம்மொழி’ பற்றியது. 1855இல் இந்தியக் குடியியற் சேவைக்கென நடத்தப்பட்ட முதற் போட்டிப் பரீட்சையில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தனித்தனியே 750 புள்ளிகள். சமற்கிருதத்துக்கும் அரபு மொழிக்கும் 375. தமிழ் அப்பட்டியலிலேயே இல்லை. அடுத்த ஆண்டில் வெளிவந்த ஒப்பிலக்கணத்திற் கால்டுவெல், செந்தமிழைக் கிளாசிக்கல் வழக்காக ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்தார். ஆதிக்க மொழிகளின் வரிசையில் இடமறுக்கப்பட்ட ஒரு மொழியின் மக்கள் அவ்வடைமொழிக்கு உரிமை கோரியமை நியாயமான எதிர்ப்பு. 2004 ஒக்ரோபரில் இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது அக்கோரிக்கையின் வெற்றி. 2024 வரை அப்பட்டியலிற் பதினொரு மொழிகள் இடம்பெற்றன. ஆயின் பட்டியல் என்பது ஆண்டெண்ணிக்கையால் வகுப்புப் பிரிக்கும் நிருவாக ஏற்பாடு. பட்டியலில் ஏறியமையால் நூல்கள் வாசிக்கப்பட்டனவாகா. அடைமொழி ஒவ்வொன்றும் ஒரு வாசிப்பைத் தெரிவு செய்கின்றது. ஏ. கே. இராமானுசன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களைக் ‘கிளாசிக்கல்’ தமிழ்த் தொகுப்பினவாக வெளியிட்டார்; அடுத்த ஆண்டில் கைலாசபதி சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தார். முன்னதிற் புலவரின் நுண்கலை முன்னிற்கின்றது. பின்னதிற் பாணனும் அவனைப் புரந்த சமுதாயமும் முன்னிற்கின்றன. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதை மூடலாகாது.

7

முற்போக்குத் திறனாய்வாளர்க்கும் இங்குக் கூறவேண்டியது ஒன்றுண்டு. ஓர் ஆக்கத்தை எடுத்ததும் ‘நிலவுடைமை வர்க்கத்தது’, ‘குட்டி முதலாளித்துவத்தது’ எனச் சீட்டு ஒட்டி ஒதுக்குதல் வர்க்க ஆய்வு அன்று. அது வகைப்படுத்தல் மட்டுமே. வர்க்கம் என்பது ஒரு பொருளன்று, மனிதரிடையே வரலாற்றில் நிகழும் உறவு என ஈ. பி. தொம்சன் 1963இல் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கத்தை விளக்கும்போது வற்புறுத்தினார். ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வர்க்கங்கள் பற்றிய இறுதி அத்தியாயம் சில பந்திகளோடு முற்றுப்பெறாது நிற்கின்றது. அவ்விடைவெளியைச் சீட்டுகளால் நிரப்புதல் எளிது. ஆராய்ச்சியால் நிரப்புதலே கடமை. சீட்டு ஒட்டுபவரும் புரொன்றோவும் ஒரே தொழிலையே தலைகீழாகச் செய்கின்றனர். ஒருவர் முதற் பிரிவினரைத் தவிர மற்றவரைக் கேளார். மற்றவர் முதற் பிரிவினரை மட்டும் கேளார். நூலைத் திறந்து படிக்கும் வேலை இருவர்க்கும் மிஞ்சிப்போகின்றது.

1985இல் அமெரிக்கக் குளிர்பானக் கம்பனியொன்று தன் பழைய பானத்தைக் ‘கொக்கா கோலா கிளாசிக்’ என மீள விற்கத் தொடங்கியது. சொல் சந்தைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா. சந்தையும், அரசின் பட்டியலும், பண்டிதர் சபையும் தத்தம் அளவில் அச்சொல்லை வழங்கிக்கொண்டே இருக்கும். திறனாய்வாளர் அச்சொல்லைக் கைவிட வேண்டுமென்பதில்லை. கையாளும்போது அதன் பிறப்பை நினைவிற் கொண்டு சில வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இந்நூலைச் செந்நெறி என்றவர் யார்? எதனைக் கீழ்ப்படுத்தி அவ்வாறு கூறினர்? அக்கூற்று நிகழ்ந்தபோது வாசிக்கும் உரிமை எவர்க்கு இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரும், சுவருக்கு வெளியே நின்ற ஜூட் ஒருவன் அந்நூலைத் தன்னுடையதென வேண்டி நிற்பானாயின், அப்பொழுதே அதன் மதிப்பு வரிப்பதிவேட்டினின்றும் விடுதலை பெறும். அச்சுவரை நீக்கும் வேலை திறனாய்வால் மட்டும் ஆவதன்று. ஆயின் சுவர் எங்கே நிற்கின்றது என்பதைக் காட்டுதல் திறனாய்வின் வேலையே.